ஈர மணலுக்குப் பயந்த யசோதாக்கா

இன்னைக்கு கண்டி கட்டுகஸ்தோட்டை பாலத்தடியில பஸ்ஸுக்கு நிக்கிறப்ப யசோதாக்காவை பார்த்தேன். அவங்க சொன்ன கதையில மூணு பஸ்ஸை விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தை கூட கழட்டாம டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

யசோதாக்கா பிறந்தது இந்த மகாவலி ஆத்து பாலத்துக்கு பக்கத்துல, கட்டிக்கிட்டு போனது அம்பிட்டியவுக்கு. டெங்கு ஒழிப்பு வேலை. காலையில இருந்து பின்னேரம் வரை மலையில வீடு வீடா ஏறி இறங்கி, எங்க தண்ணி தேங்கி நிக்குதுன்னு பார்க்கணும். பென்ஷன் எடுத்தும் அந்த நடை இன்னும் போகல.

2003. சண்டையை நிறுத்தி சமாதானம் பேசிக்கிட்டு இருந்த நேரம். பாதையெல்லாம் திறந்து, கண்டி ஆக்கள் பஸ் பஸ்ஸா திருகோணமலைக்கு கடல் பார்க்க போன வருஷம். அங்க ஒரு கிளப் ராத்திரி ஓட்டம் வச்சிருக்காங்க. கையில டோர்ச், கடற்கரையோரமா ஆறு கிலோமீட்டர் போய், திரும்பி ஆறு வரணும். டீமுக்கு மூணு பேர். மூணு பேரும் ஒன்பது மணிக்குள்ள வந்து சேரணும். ஒருத்தர் பிந்தினாலும் டீமே கணக்கில்ல.

ஆபீஸ்ல டிரைவர் பாரூக் நானாவும் கிளார்க் ராஜலிங்கமும் ரெடி. மூணாவது ஆள் இல்ல.

"தங்கச்சி, நீங்க நாள் முழுக்க படி ஏறுற ஆள்தானே. கடற்கரையில ஒரு படியும் இல்ல, வாங்க" ன்னு பாரூக் நானா கூப்பிட்டிருக்காரு.

"வேணாம் நானா" ன்னாராம் ராஜலிங்கம். "இவங்க வழியில பூச்சட்டி கண்டா குனிஞ்சு பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நம்ம டீம் போச்சு."

அந்த பேச்சுக்காகவே யசோதாக்கா பேர் குடுத்தாங்க. தன்னால டீம் தோத்துறக்கூடாது, மனசுல அது மட்டும்தான்.

ஏழு மணிக்கு விசில். எல்லாரும் தண்ணியோரமா ஈர மணல்ல ஓடுறாங்க. யசோதாக்கா மட்டும் மேல, காஞ்ச மணல்ல. மகாவலிக்கரையில வளர்ந்தவங்களுக்கு ஈரம்னா சேறு, முழங்கால் வரை இழுத்துரும். காஞ்ச இடம்தான் உறுதி.

"பாவம், எல்லாரும் புதைய போறாங்கன்னு நினைச்சேன் தம்பி" ன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க பாருங்க, பஸ்ஸுக்கு நின்ன எல்லாரும் திரும்பி பார்த்தாங்க.

ஓட ஓட கால் கணுக்கால் வரை இறங்குது. பாதி தூரத்துல திரும்புறப்பவே மணி எட்டு பத்து. முன்னுக்கு ஒரு டோர்ச் வெளிச்சமும் இல்ல. இன்னும் நல்ல தரை தேடி மேல மேல போனதுல, நேவி காம்ப் வேலிக்கிட்டயே போயிட்டாங்க.

"கவுத?"

யாருன்னு சிங்களத்துல ஒரு அதட்டல். இருட்டுக்குள்ள துவக்கை நீட்டிக்கிட்டு காவலுக்கு நிக்கிற நேவி பையன்.

யசோதாக்காவோட ரெண்டு கையும் தானா மேல போயிருச்சு. டோர்ச் வெளிச்சம் வானத்துல. அடையாள அட்டை பஸ்ல, பேக்குக்குள்ள. எண்பத்திமூணு கலவரத்துல கண்டி டவுன்ல கடைகள் எரியுறப்ப கூடப்பிறந்த தம்பியை இழுத்துக்கிட்டு ஓடின ஆள் அவங்க. இதை சொல்றப்ப என் முகத்தை பார்க்கல, ஆத்தை பார்த்தாங்க.

ரேஸ் ஓடுறேன்னு சிங்களத்துல சொல்லியிருக்காங்க. நெஞ்சுல குத்தின நம்பரை பார்த்துட்டு அவன் துவக்கை இறக்கினான். இருபது இருபத்திரெண்டு வயசு இருக்கும். மிச்ச பேச்சும் சிங்களத்துலதான்.

"ரேஸ் கீழ போகுது. நீங்க ஏன் அக்கா இங்க?"

"கீழ ஈரம். புதைஞ்சிரும்."

"அக்கா எந்த ஊரு?"

"கண்டி."

அவன் சிரிச்சிட்டான். "நானும் கண்டி பக்கம்தான், பிலிமத்தலாவை. வந்த முதல் வாரம் நானும் காஞ்ச மணல்லயே ரோந்து போய் செத்தேன். ஒரு மாசம் கேலி பண்ணினானுங்க. கடல் நம்ம ஆறு மாதிரி இல்ல அக்கா, ஈரம்தான் கெட்டி. போய் மிதிச்சு பாருங்க."

இறங்கி பயந்து பயந்து ஒரு காலை வச்சாங்க. சீமெந்து போட்ட தரை மாதிரி இருக்கு. மத்த காலையும் வச்சு, ரெண்டு தரம் குதிச்சும் பார்த்தாங்க.

"குதிச்சது போதும், ஓடுங்க" ன்னு மேல இருந்து அவன் கத்தினானாம்.

எட்டு ஐம்பத்தேழுக்கு வந்து சேர்ந்தாங்க. பாரூக் நானா முடிவுக்கோட்டுல கட்டின கயித்தை பிடிச்சிக்கிட்டு, "வருது, எங்கட தங்கச்சி வருது" ன்னு பக்கத்துல நின்ன எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. முன்னமே வந்த ராஜலிங்கம் மணல்ல மல்லாக்க கிடக்கிறாரு, எழும்ப முடியாம கையை மட்டும் தூக்கினாரு. பதினாறு டீம்ல பதினாறாவது இடம். ஆனா கணக்குல வந்தாச்சு.

அந்த பையன் பேரை கேட்க மறந்துட்டாங்க. அப்புறம் திரும்பவும் சண்டை தொடங்கிருச்சு, அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது.

அதனால ஒரு உதவி. பிலிமத்தலாவை பக்கம் ஆள் தெரிஞ்சவங்க இதை ஷேர் பண்ணுங்க, சிங்களத்துல எழுதத் தெரிஞ்சவங்க எழுதியும் போடுங்க. 2003ல திருகோணமலையில காவலுக்கு நின்ன அவருக்கு ஒரே ஒரு சேதிதான்: அந்த அக்கா ஒன்பதுக்கு முன்னாலயே வந்து சேர்ந்துட்டாங்க.