மாலை இல்லாத கழுத்து

கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் நான் குடிக்க மாட்டேன். இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. குடிக்கத் தோன்றாது, அவ்வளவுதான். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கள்ளுஷாப்பைத் தாண்டும்போது மூக்குகூடத் திரும்பாது. உள்ளே இருக்கும் என் கூட்டாளிகளும் "சாமி போறாருடா" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். வருஷா வருஷம் இதே கூத்து.

போன மார்கழியில் டாக்டர் என் ஈரலைப் பற்றிச் சொல்லி, இனி ஒரு சொட்டு பட்டாலும் பிழைப்பது கஷ்டம் என்றார். குடியை விட என்னால் முடியாது என்றேன். மனதறிந்துதான் சொன்னேன். அப்போது என் கழுத்தில் மாலை இருந்தது. குடித்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

"முடியாதுங்கறீங்க சாமி. இப்ப முடிஞ்சுக்கிட்டுத்தானுங்களே இருக்குது?" என்று பஸ்ஸில் மனைவி கேட்டாள்.

"அது சாமி. நான் வேற."

சொன்ன பிறகு எனக்கே குழப்பம். அதே வாய், அதே ஈரல். மாலைதான் தடுக்கிறது என்றால், அதைப் போட்டுக்கொள்ளப் போனது யார்? ஆபீஸில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். தலைவலிதான் மிச்சம்.

மலையிலிருந்து வந்ததும் விளக்கேற்றி மாலையைக் கழற்ற வேண்டும். அவள் விளக்கேற்றவில்லை.

"கழட்ட வேண்டாமுங்க சாமி. இருக்கட்டுமுங்க."

இருந்தது. தை, மாசி, பங்குனி எல்லாம் சாமியாகவே ஓடின.

சித்திரையில் ஒரு நாள் குளிக்கும்போது மாலை அறுந்து மணிகள் உருண்டன. இருவருமாகப் பொறுக்கினோம். கோக்க நல்ல நூல் வீட்டில் இல்லை. வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். நூல் கடை அந்தக் கள்ளுஷாப்பைத் தாண்டித்தான் இருக்கிறது.

"நானும் வரட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

கழுத்து வெறுமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஷாப்பு வாசலில் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கால் மறுபடி நடந்தது. நடத்தியது நானா என்று சத்தியமாகத் தெரியாது.

நூலோடு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தவள் கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"மாலையில்லாம இப்பப் போயிட்டு வந்தது யாருங்க? சாமியா, நீங்களா?"

நூல்கண்டை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.