ஹவுகெட்டோவில் ஒரு மண்டபத்தை வெறுமையாக்குகிறார்கள்

ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு மேலே, கம்யூனிஸ்ட் தொழிலாளர்கள் கட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்கிறேன். சம்பளம் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே சீமெந்து குழைத்துக் கட்டியது. நம்முடைய சிரமதானம் போலத்தான். நான் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் அதற்கு டுக்னாட் என்று பெயர்.

அடுத்த வாரம் இதை இடிக்கிறார்கள். அவலட்சணமாம். யாரும் நினைக்க விரும்பாத காலத்தை நினைவுபடுத்துகிறதாம். கதவில், புது வீடுகள் கட்டப்போகிற நிறுவனத்தின் அறிவித்தல்: சாமான்களை அகற்ற டுக்னாட், எல்லோரும் வாருங்கள், வாஃபிளும் கோப்பியும் உண்டு. கட்டியவர்களின் வழக்கத்தை வைத்தே இடிப்பதற்கும் கூலியில்லாமல் ஆள் பிடிக்கிறார்கள்!

அதைவிட எரிச்சல், ஆட்கள் வந்திருக்கிறார்கள். கையுறை போட்டுக் கதிரை தூக்குகிறவர்களில் என் சித்தியின் மகள் தர்சினியும் ஒருத்தி. இங்கேயே பிறந்தவள். இடிக்கக் கூடாது என்று நேற்றுப் பொதுக் கூட்டத்தில் எழும்பிக் கத்தியவள்.

"நேற்று அப்பிடிக் கதைச்சிட்டு, இண்டைக்கு இஞ்சை வந்து நிக்கிறியே?"

"டுக்னாட்டுக்கு வராட்டி அயலுக்கை என்ன நினைப்பினம், அண்ணா?"

"இடிக்கிறதுக்குமோ?"

"ஓம். அதுதான் எனக்கும் விசர் வருது."

முகப்பிலிருந்து கழற்றிய சிவப்பு நட்சத்திரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தர்சினி நீண்ட மேசையொன்றின் ஒரு முனையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கிறேன். வாசலில் நிறுவனத்தின் ஆள் சிரித்தபடி எனக்கும் ஒரு வாஃபிளை நீட்டுகிறான்.