பெச்சபுரிக்கு ஆட்டோ

செஞ்சிக் கோட்டைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மலை ஏறும் நேரம் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வெளியே ஓர் ஆட்டோக்காரர் நின்றிருந்தார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை. எதைக் காட்டுவதென்றாலும் கையைத் தூக்கமாட்டார், மோவாயைத்தான் நீட்டுவார்.

"பார்க்க வேற நல்ல எடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? மலை மேல ராஜா அரமன. வழி பூரா கொரங்கு. கொஞ்சம் தள்ளி ஒரு குகை, உள்ள சாமி படுத்துனு இருக்குது. மேல இருக்கிற ஓட்ட வழியா வெயிலு நேரா சாமி மேலயே வுழும் சார்."

பக்கத்துச் சிங்கவரத்துக் குகையில் பெருமாள் படுத்திருப்பது எனக்குத் தெரியும். "சிங்கவரமா?"

"இல்ல சார், பெச்சபுரி." மோவாய் கிழக்கே நீண்டது.

திண்டிவனம் பக்கம் ஏதோ ஊர் போலிருக்கிறது என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். "சரி, போலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டோலயா? நடுவுல கடலு கெடக்குது சார். அது தாய்லாந்து."

அங்கே எப்போது போனார், எதற்குப் போனார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எதிரே நின்ற கோட்டையைக் காட்டி, "இதுல ஏறியிருக்கீங்களா?" என்றேன்.

"இல்ல சார். இது எங்க போய்டப் போவுது?"

மோவாய் இன்னும் கிழக்கேதான் இருந்தது. நான் கேட்டது பார்க்க நல்ல இடம்தானே? அவர் சொன்ன பதிலில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.