திராட்சைக் கொடிக்கு மொட்டை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய வருடம் ஊரில் பலரும் அவர்களுடைய வீட்டுச் சாமான்களை வாங்கினார்கள். கெட்டிக்காரர்கள் தேக்குக் கட்டில் வாங்கினார்கள். நான் ஒரு பிரெஞ்சுத் தோட்டக்கலைப் புத்தகம் வாங்கினேன். விற்ற வெள்ளைக்கார மதாம் என்மேல் பரிதாபப்பட்டு, தன் வீட்டுத் திராட்சைக் கொடியில் ஒரு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். அந்தக் கொடி ஒருமுறைகூடக் காய்த்ததில்லை என்பதைக் குச்சி என் கைக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே நட்டேன். சவுக்குக் கழியில் பந்தல். ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவிய தண்ணீர் என்று ராஜ உபசாரம். நாலு வருடத்தில் கொடி பந்தலை மூடி, துணி காயப்போடும் கயிற்றையும் தனதாக்கிக்கொண்டது. இலைக்குக் குறைவில்லை. காய்தான் இல்லை.

“இந்த எடத்துல பொடலங்கா போட்டிருந்தா தெருவுக்கே கூட்டு வெச்சிருக்கலாம்” என்றாள் மனைவி. “வர்ற வைகாசிக்குள்ள வாயில வெக்கிற மாதிரி ஒரு கொத்து காட்டுங்க. இல்லன்னா அருவாள நானே எடுப்பேன்.”

எடுக்கக்கூடியவள்தான். கொடியைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றே. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி தூங்கும். அப்போது இரண்டு கணு விட்டுக் கிளைகளை நறுக்க வேண்டும். பிறகு வரும் புதுத் தளிரில்தான் பழம் என்றது அது. நான் புத்தகத்தை நம்புகிறவன். மார்கழிதோறும் விடிகாலையில் மப்ளர் சுற்றி, கையில் கத்தரியோடு, இலை உதிரக் காத்து நின்றேன். எனக்கு ஜலதோஷம் வந்தது. கொடி பச்சைப்பசேல் என்று சௌக்கியமாக இருந்தது. இப்படி நாலு மார்கழி. நன்றாகப் படித்தவனால்தான் இவ்வளவு பொறுமையாக முட்டாளாக இருக்க முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் பேச்சில் நான் மிசியே, அதாவது ஐயா. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் என்பதால், திராட்சை விஷயத்தில் தெருவுக்கே அவர்தான் நீதிபதி. மதில்மேல் கையூன்றித் தீர்ப்புச் சொன்னார்.

“அங்க பனி கொட்டும், மிசியே. எல மொத்தமும் உதிந்து குச்சி குச்சியா நிக்கும். நம்மூர்ல என்னா உதிருது, தலமுடியத் தவிர?”

என் தலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. பனி வராவிட்டால் போகட்டும். பனி செய்கிற வேலையை நான் செய்கிறேன். இரண்டு வாரம் கொடிக்குத் தண்ணீரை நிறுத்தினேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஓர் இலை விடாமல் கையாலேயே உருவினேன். நாலு கூடை. பிறகு புத்தகம் சொன்னபடி இரண்டு கணு விட்டு நறுக்கினேன். பந்தலில் மிஞ்சியது பத்துப் பதினைந்து குச்சிதான். அதற்குக் கீழே நான் முதல்முறையாக வெயிலில் நின்றேன்.

“என்னா மிசியே, கொடிக்கு மொட்ட போட்டுட்டீங்க? வேண்டுதல் திருப்பதிக்கா, வேளாங்கண்ணிக்கா?” என்றார் சொல்தா.

“மாரிலே அடிச்சுக்கணும் போல இருக்கு” என்றாள் மனைவி. “அருவாளுக்கு வேல வெக்காம நீங்களே முடிச்சிட்டீங்க.”

தண்ணீர் விட்ட சில நாளில், வெட்டிய இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, “அழுவுதுங்க அது” என்றாள். “அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது” என்றேன். புத்தகத்தில் இல்லை.

மாசியில் தளிர் விட்டது. தளிரோடு கடுகு கடுகாகப் பூங்கொத்து. சொல்தா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அந்த மௌனத்தை ஒரு வாரம் ருசித்தேன். பிறகு அணிலும் கிளியும் வந்தன. பழைய புடவையைக் கிழித்துக் கொத்துக்குக் கொத்து பை தைத்துக் கட்டியும், வைகாசிக்கு மிஞ்சியது மூன்று கொத்துதான்.

சொல்தாவை அழைத்துத் தட்டில் வைத்தேன். ஒரு பழத்தை வாயில் போட்டவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“நெறம் நல்லா வந்திருக்கு, மிசியே.”

மனைவி ஒன்று தின்றாள். அவள் முகத்தில் அரிவாள் தெரிந்தது. நான் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டு, இமைக்காமல் மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் என்று அறிவித்தேன்.

அவள் மீதியைத் தட்டோடு அடுக்களைக்குக் கொண்டுபோனாள். அன்று மத்தியானம் வஞ்சிரக் குழம்பு. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. சற்று நேரத்தில் சொல்தா காலிக் கிண்ணத்தோடு மதிலருகே வந்து நின்றார்.

“தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. புளி எந்தக் கடையில வாங்கின?”

“கடையில வாங்கல, அண்ணே. நம்ம பந்தல்ல பறிச்சது” என்றாள் மனைவி. “மொட்ட போட்ட கொடி.”

அரிவாள் தேங்காய் உரிக்கப் போய்விட்டது. புடலங்காய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த பொங்கல் கழிந்து நான் ஸ்டூல் மேல் ஏறியபோது, கூடையைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். “இந்த வருஷம் புளி ஜாஸ்தியா வரணும்” என்றாள்.

திராட்சை என்று திருத்தினேன். இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறேன்.