சந்தனம் பூசாத மொட்டை

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. என் மனைவி சயரோகத்தோடு விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கள் மூன்று வயது மகள் ஒலக்கூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் அக்காவிடம் இருந்தாள். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் தாய் மகளைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் திண்டிவனம் வழியாக இருவருக்கும் நடுவில் பஸ்ஸில் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

அந்த வார்டில் ஓர் ஆயாம்மா இருந்தார். வேதக்காரர். கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் ஒட்டி வாசலில் தொங்கவிட்டிருந்தார். தினமும் என் மனைவியின் தலையில் கைவைத்து ஜெபம் செய்வார். எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் குலசாமியே கைவிட்ட கேஸ், இவர் சாமி வந்து என்ன கிழித்துவிடப் போகிறது என்று முணுமுணுப்பேன். டாக்டரும் கைவிரித்த அன்று அந்த முணுமுணுப்பும் அடங்கிவிட்டது. ஏசுவிடமே வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேண்டுதல் ஒன்றுதான்: மொட்டை.

ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் திண்டிவனத்தில் முடி இறக்கினேன். நாவிதர் மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார். வேண்டுதல் மொட்டைக்குச் சந்தனம் பூசவேண்டும். இந்தச் சாமிக்குச் சந்தனம் ஆகுமோ ஆகாதோ என்று பயந்து, பூசாமலே பஸ் ஏறினேன்.

சந்தனம் இல்லாத மொட்டை எங்கள் பக்கத்தில் எழவு மொட்டை. வார்டில் என்னைப் பார்த்ததும் என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், கொழந்த எங்கய்யா? எம் பொண்ணு பூட்டாளா?"

சின்னப் பிள்ளை செத்தால் யாரும் மொட்டை போடுவதில்லை. அது அவளுக்கும் தெரியும். பயந்தவளுக்கு அதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்? "மல்லாட்ட உரிச்சித் துன்னுக்கினு குந்தினு இருக்கா, காலையிலகூட பாத்தேன்" என்றேன். சத்தியம் செய்தேன். நம்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சியைத் தொடவில்லை.

ஆயாம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்க சபையில மொட்டையெல்லாம் இல்லீங்களே" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மகளைத் தூக்கிவந்து ஜன்னல் வழியாகக் காட்டிவிடுவது என்று மறுநாள் கிளம்பினேன். ஆனால் இரவெல்லாம் கொட்டிய மழையில் எங்கள் ஊர் ஏரி உடைந்து பாதையை அறுத்திருந்தது. ஊர் மேட்டில் இருந்ததால் வீடுகளுக்கு ஆபத்து இல்லை. திண்டிவனம் தாண்டி பஸ் போகவில்லை. நடந்து போய் மார்பளவு வெள்ளத்தில் இறங்கினேன். கரையில் நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். ஆயாம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேதப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என் சேறு படிந்த வேட்டியை வெகுநேரம் பார்த்தாள். கையை நீட்டி என் மொட்டைத் தலையைத் தடவினாள்.

"நான் பாக்கல. நீ சொல்றே, நம்புறேன்யா. கஞ்சி குடு."

நான்கு வாய் குடித்தாள். அன்று மாலை முழுக்க மகளுக்குத் தலைபின்னுவதைப் பற்றியே பேசினாள். ஆயாம்மா ஜெபிக்கையில் நானும் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஆனாலும் எரிச்சல் வரவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை அவள் போய்விட்டாள். பாதை அன்று மத்தியானம்தான் திறந்தது.

சடங்குக்குப் பங்காளிகள் நாவிதரைக் கூட்டிவந்தார்கள். என் தலையில் எடுக்க ஒன்றும் இல்லை. அவர் சும்மா கத்தியை நனைத்து ஒருமுறை இழுத்துவிட்டுப் போனார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாம்மாவின் சபைக்குப் போனேன். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தேன். மரித்தவர்களை ஆண்டவர் எழுப்புவார், அவர்களை மறுபடி பார்ப்போம் என்று போதகர் பேசினார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இதெல்லாம் விசுவாசிக்கிறீங்களா?"

மகள் என் மொட்டையில் முளைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கலீங்க" என்றேன். "நீங்க சொல்றீங்க, நம்புறேன்."