ஸ்கைலாப் குஞ்சுகள்

வெள்ளிக் கிரகத்துக்கென்று சோவியத்காரர்கள் ஏவிய கலம் ஒன்று, அங்கே போக முடியாமல் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பூமியையே சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அது இந்த வாரம் விழப்போகிறது என்று மகள் செல்போனில் வாசித்தபோது, மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய கோழியின் வாசம் எனக்கு வந்தது.

எழுபத்தொன்பதில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போவதாக ரேடியோ சொன்ன வாரம், அவனியாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த வாசம்தான். சாகப்போகிறோம், எதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கோழியை அறுத்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கருப்புக் கோழி. அப்பா கத்தியைத் தீட்டினார்.

அம்மா கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது அடைக்கு உக்காந்திருக்கு. அறுக்க விட மாட்டேன்."

"ஊரே அழியப்போகுதுங்குறாக. இப்பப் போயி அடை வைக்கிறியாக்கும்?"

"விழுந்தா எல்லாரும் ஒண்ணாப் போறோம். விழலைன்னா நாளைக்கு முட்டைக்கு எங்க போவீக?"

கோழி அறுத்த வீடுகளில் கிடந்த முட்டைகளை வாங்கிவந்து, கூடையில் தவிடு பரப்பி அடுக்கிக் கோழியை உட்காரவைத்தாள்.

ஸ்கைலாப் கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. எங்கள் தெருவில் விடிந்தால் கூவ ஒரு சேவல் இல்லை. குஞ்சுகள் பொரிந்து தீனி பொறுக்கத் தொடங்கியதும், முட்டை தந்த வீடுகளுக்கெல்லாம் ஜோடி ஜோடியாகக் கொடுத்தனுப்பினாள். வேட்டி மடியில் வைத்துக் கொண்டுபோனவர் அப்பாதான்.

"இந்தக் கலம் எங்க விழும், அம்மா?" என்றாள் மகள்.

"எங்கயாச்சும் விழும். நேத்து நட்ட முருங்கைக் கம்புக்குத் தண்ணி ஊத்துனியா?"