ஸ்டூடியோக் கண்ணாடியில் என் அழுகை

தோட்டத்து லயத்தில் நிம்மதியாக அழ முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்; ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒருத்தி மூக்கை உறிஞ்சினால் நாலாவது வீட்டிலிருந்து "என்னாச்சு?" என்று கேட்பார்கள். ரப்பர் மலையில் அழலாமென்றால், கண் கலங்கும்போது பால் வெட்டுகிற கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்கிவிடும், கங்காணி கத்துவார். அதனால்தான் அன்றைக்கு எஹலியகொட டவுனில் நின்று அழுதேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. அம்மாவுக்குச் சீனி வியாதி. கால் விரலில் வந்த புண் ஆறாமல், டவுன் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறோம், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டிவரும் என்றார். நான் திரும்ப உள்ளே போனேன். "என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"மருந்து மாத்தப் போறாங்களாம்மா" என்றேன்.

கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணன் சனிக்கிழமை வருவான். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், பூட்டியிருந்த ஒரு கடைச் சுவரில் சாய்ந்தேன். அடக்கிவைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. வாய் கோணி, மூக்கு ஒழுகி, சத்தம் வராமல் அழுதேன். ஆட்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

அப்போது முகத்துக்கு முன்னால் பளீரென்று வெடித்தது.

ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம் மட்டும் மிதந்தது. அது கலைந்தபோது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஸ்டூடியோக்காரர் நின்றுகொண்டிருந்தார். டவுனில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பிஸ்கட் டின் அளவுக்குக் கமெரா, பக்கத்தில் கைபிடி, அதன்மேல் வெள்ளிக் கிண்ணம்போல ஃப்ளாஷ், அதிலிருந்து வயர் இறங்கித் தோளில் தொங்கிய பேட்டரிப் பைக்குப் போகும். அந்தக் கோலத்தில்தான் சந்தையெல்லாம் சுற்றுவார். என் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவரும் அவர்தான்.

"மொகத மே?" என்றேன். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கத்தான் வாய் வந்தது.

"ஹரி லஸ்ஸனய், நங்கி" என்றார். ரொம்ப அழகாம், தங்கச்சியாம். பிலிமைச் சுற்றிக்கொண்டே, எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

நாலு நாளில் அந்தப் படம் தெருவைப் பார்த்த அவருடைய ஸ்டூடியோக் கண்ணாடிக்குள் மாட்டப்பட்டிருந்தது. எனக்குத் தெரியாது. பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவள், வழியில் பார்த்துவிட்டு, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள். "ஒங்க மகளோட படத்த இம்மாம் பெருசாப் போட்டிருக்காங்க. ஏங்க அப்பிடி அழுவுது?"

மறுநாள் நான் போனபோது அம்மா சோற்றுப் பார்சலைத் தொடவில்லை.

"கால எடுக்கப் போறாங்களா?" என்றாள்.

நான் பார்சலைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஊருக்கெல்லாம் காட்டுன மூஞ்சிய எனக்குக் காட்டலையே நீ."

"நான் காட்டலம்மா, அந்த ஆளு..." என்று தொடங்கினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் வந்தபோதும் அம்மா என்னிடம் பேசவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். கல்யாணப் பெண்களுக்கும் சான்றிதழ் பிடித்த பிள்ளைகளுக்கும் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரியதாக நான் இருந்தேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண்ணீர் வெள்ளைக் கோடாக மின்னியது. பின்னால் கடைத்தெரு இருட்டாகிக் கிடந்தது. என் பல், என் மூக்கு, கழுத்து நரம்பு எல்லாம் தெரிந்தது. இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உள்ளே போய்ச் சிங்களத்தில் கேட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்.

"முதலாளி, அத எடுங்க."

"ஏன் நங்கி? நல்ல படம். வெளிநாட்டுல தெருவுல இப்பிடித்தான் எடுப்பாங்க. பக்கத்துல போகணும், ஆளு தயாராகிறதுக்கு முந்தி அடிக்கணும். அப்பத்தான் உண்மை வரும்."

"அடையாள அட்டைக்கு வந்தப்ப தல வாரிட்டு வரச் சொன்னீங்க, தாடையத் தூக்கச் சொன்னீங்க. இதுக்கு ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா அழுகை நின்னுருமே."

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். என் அம்மா என்னோடு பேசவில்லை என்று சொன்னேன். அனுதாபமாக 'த்சொ' என்றார். பிறகு, தெரு எல்லாருக்கும் பொது, தெருவில் நிற்கிறவர்களை யாரும் படமெடுக்கலாம் என்றார். முன்வீதியில் இருக்கும் டாக்டர் வீட்டு அம்மாள் அழுதுகொண்டு நின்றால் அவள் முகத்துக்கு நேரே போய் அடித்திருப்பாரா? அந்தக் கேள்வி எனக்கு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. அப்போது கேட்காததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த வாரம் அம்மாவை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள். அண்ணன் லீவு போட்டுக் கூட இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே போவதற்கு முன்னால் டவுனில் இறங்கினேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, என் கறுப்புக் குடையை விரித்துத் தோளில் சாய்த்தேன். படம் முழுக்க மறைந்தது.

அவர் வெளியே வந்தார். "என்ன இது?"

"தெரு பொதுன்னு சொன்னீங்களே. நிக்கிறேன்."

ஒரு மணி நேரம் நின்றேன். எதிரே வெற்றிலை விற்கிற சிங்களப் பெண் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு, லயத்தில் எங்களோடு இருந்த அண்ணன் மனைவி, அண்ணியும் தன் குடையோடு வந்தாள். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று காரணம் கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அம்மாவின் கால், டாக்டர், சுவர், ஃப்ளாஷ். கேட்ட பிறகு அந்த வெற்றிலைக்காரி எழுந்து வந்து, தான் உட்காரும் முக்காலியை எனக்குப் போட்டுவிட்டு, ஸ்டூடியோ வாசலைப் பார்த்து, "ஒன் அம்மா செத்தாலும் இப்பிடிக் கண்ணாடியில போடுவியா?" என்று கத்தினாள்.

அவர் போலீசைக் கூப்பிட்டார். யுத்த காலம். தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் டவுன் நடுவில் தகராறு செய்கிறார்கள் என்றால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அண்ணியின் கை என் கையை இறுக்கியது. வந்த கான்ஸ்டபிள் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். குடையை விலக்கச் சொல்லிப் படத்தையும் பார்த்தார்.

"நீயா இது?"

"ஆமா சேர்."

"ஏன் அழுத?"

அவருக்கும் சொன்னேன். அட்டைகளைத் திருப்பித் தந்தார். "படமெடுக்கிறதும் குத்தமில்ல, குடை பிடிக்கிறதும் குத்தமில்ல" என்று ஸ்டூடியோக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு நியாயம் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மழை வரப் பார்த்தது, அவருக்கு ஸ்டேஷனுக்குப் போகவேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் போனபோது அந்த இடத்தில் ஒரு கல்யாண ஜோடி இருந்தது. ஸ்டூடியோக்காரர் என் படத்தை ஒரு காக்கி உறையில் போட்டு என் கையில் திணித்தார். "வியாபாரத்தக் கெடுத்துட்ட" என்றார்.

"நெகட்டிவ்?"

"அது என்னோடது."

எவ்வளவு கேட்டும் கொடுக்கவில்லை. கொழும்பில் ஏதோ கண்காட்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. அனுப்பியிருந்தால், ஏசி போட்ட மண்டபத்தில் யாரோ என் வாயையும் மூக்கையும் பார்த்து 'உண்மை' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான்.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியிருக்கும். அப்போதும் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, தகரப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த உறை அவள் மடியில் கிடந்தது. அண்ணி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். படத்தைக் கதவு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டவா வந்தான்?"

"ஆமாம்மா."

"நீ கைய ஓங்கலையா?"

"கண்ணே தெரியலம்மா."

அம்மா அவரைத் திட்டத் தொடங்கினாள். என் அம்மா வாயிலிருந்து அப்படிப்பட்ட வார்த்தைகளை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவருடைய பரம்பரை, கமெரா, வெளிச்சம், எதையும் விடவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து "என்னாச்சு?" என்று குரல் வந்தது. அம்மா நிறுத்தவில்லை. இன்னும் சத்தமாகத் திட்டினாள். பிறகு படத்தை இரண்டாகக் கிழித்து என்னிடம் நீட்டி, "அடுப்புல போடு, தண்ணி கொதிக்க வை" என்றாள்.